கல்லு சுட்டது

பார் உறைய இன்னும் ஆறு மணி நேரம் கிடந்தது.
கூடுதாழை ஐஸ் கம்பெனியில்
அமோனியா நெடியும் நாங்கள் நாலு பேரும்.
உமி மூட்டையில் சாத்திய சந்தியாகுவின் போனில்
குளிர்கால ஒலிம்பிக்.
அங்கேயும் நாலு பேர்.
கைப்பிடி வைத்த கருங்கல் ஒன்று
பனிக்கட்டிமேல் வழுக்கி வர
அதற்கு முன்னால் ரெண்டு பேர்
குனிந்து தேய்த்துக்கொண்டே ஓடினார்கள்.
'என்னலே இது,
கல்லுக்கு வாசல் தூத்துதானுவ' என்றான் ரொசாரி.

கர்லிங்காம்.
முதல் நாள் எங்களுக்கு ஒரு சொல்லும் தெரியாது.
பத்தாம் நாள் ஒரு சொல்லும்
அவர்களுடையதாக இல்லை.

வட்டத்துக்கு அவர்கள் வைத்த பேர் வீடு.
அதை மட்டும் அப்படியே விட்டோம்.
வீட்டின் நட்டநடுவில் பொத்தானாம்.
பனிமயம் ஒத்துக்கொள்ளவில்லை:
'நெத்தியில இருந்தா அது பொட்டு.'
வாசலை மறித்து நிற்கும் கல் அங்கே காவல்,
இங்கே மச்சான்.
வட்டத்தின் விளிம்பை நூலளவு தொட்டு
நானும் உள்ளேதான் என்று கிடப்பது
வெளியூர்ச் சொந்தம்.
கடைசிக் கல் எவன் கையிலோ
அவனிடம் சுத்தியல்.
'சுத்தியல் யாருட்டலே?' என்றுதான்
டீத் தூக்கின் கடைசி மடக்கை
இப்போதெல்லாம் கேட்கிறோம்.

பன்னிக்கோடு என்று ஒன்று.
அதைத் தாண்டாத கல்லை
எடுத்து ஓரமாக வைத்துவிடுவார்கள்.
ஏன் பன்னி? போனுக்கும் தெரியவில்லை.
பிளஸ் டூவில் ரெண்டு முறை நின்ற நான்
மேற்கொண்டு கேட்கவில்லை.

ஒரு ஆட்டத்துக்குப் பத்து முடிவு என்று வாசித்ததும்
ரொசாரி சிரித்தான்:
'எங்கக்கா கல்யாணப் பேச்சு மாதிரில்லா.'

ஆட்டம் முதலில் பிடிபட்டது பனிமயத்துக்கு.
பனிமாதா பேரை வைத்துக்கொண்டு
அவள் கண்ட பனியெல்லாம் இந்தத் தொட்டிதான்.
ஆட்டத்துக்கு முன்னால் ஒருவன்
முதுகில் குடம் கட்டித் தண்ணீர் தெளித்தான்;
துளித்துளியாய் உறைந்து தரை சொரசொரத்தது.
'தெளிச்சிட்டுத் தூத்துதான் பாரு,
முறை தெரிஞ்சவன்.'
கல் தயங்கினால் கத்துவாள்:
'தூத்துல, தூத்து, வெரசா!'
கல் மிஞ்சினால்:
'வாரியல எடு. கையக் கட்டு. தன்னால நிக்கும்.'
மீன் லாரி பின்னால் வரும்போதும்
டிரைவரிடம் அதையே கத்தினாள்.
அவனும் நின்றான்.

சுட்ட கல் என்றும் உண்டு.
ஓடும் கல்லில் வாரியல் பட்டுவிட்டால்
நடுவர் பார்த்திருக்க வேண்டாம்,
பட்டவனே கை தூக்கிச் சொல்லவேண்டும்.
அதன்பின் எதிராளித் தலைவன் பாடு:
கிடக்கட்டும் எனலாம்,
எடுங்கள் எனலாம்,
தொடாதிருந்தால் எங்கே போயிருக்குமோ
அங்கே வையுங்கள் எனலாம்.
சந்தியாகு அதை
மூன்று தடவை வாசிக்கச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை விடியலில்
எண்பதுக்கு இருபத்தேழாவது பார்
சறுக்கில் இறங்கி வருகையில்
அவன் கொக்கி பட்டுத் திரும்பி
தூணில் மோதி மூன்றாய்ப் போனது.
'அதுவா உடைஞ்சது அண்ணாச்சி'
இதுதான் எங்கள் கம்பெனியின் பழைய பாடம்.
கணக்கர் தேவசகாயம் நோட்டோடு வந்தார்.
ஈரத் தரையில் கை தூக்கி நின்றான் சந்தியாகு:
'கல்ல சுட்டது நாந்தான்.'

பேனா நின்றது.
'சுட்டியா? எவம்ட்டலே வித்த?'

விளக்கினோம்,
நாலு பேரும் ஒரே நேரத்தில்.
வீடு, பொட்டு, சுத்தியல், மச்சான் என்று
சொல்லச் சொல்ல
அவர் காதில் அது
ஒரு பெரிய கூட்டுக் களவாக வளர்ந்தது.
முந்நூறு ரூபாய் பிடித்தார்.

சில்லுகளை ஓரத்துக்குத் தூத்தியபடி
பனிமயம் சொன்னாள்:
'மூணு வழி இருந்துச்சு அந்த ஆளுக்கு.
கிடக்கட்டும்னு சொல்லிருக்கலாம்.'

லாரி வாசலில் உறுமிக்கொண்டு நின்றது.
இன்னும் ஐம்பத்து மூன்று பார்.
'பன்னிக்கோட்டத் தாண்டட்டும் மொதல்ல'
என்றான் சந்தியாகு,
அடுத்ததில் கொக்கியை மாட்டி.